போலியின் சரித்திரம்

நம் விமர்சனத்தில் மிகச் சுலபமாகச் செலவாகும் சொல் 'போலி'. ஒருவனைப் போலி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவனைப் படிக்க வேண்டிய நிர்ப்பந்தமில்லை. அசல் யார் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த புஸ்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். நானும் இதைச் செய்திருக்கிறேன். கட்டுரையின் கடைசியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன், இந்தச் சொல்லுக்கு இலக்கியத்துக்கு வெளியே ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும். அது 160 வருஷங்களுக்கு மேற்பட்டது, வண்ணத்துப்பூச்சிகள் சம்பந்தப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு குமாஸ்தா என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பாரபட்சம் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1

ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் 1825இல் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் பிறந்தார். பதின்மூன்று வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. காலுறை வியாபாரி ஒருவரிடம் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். நாளுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை. மிச்ச நேரத்தில் தொழிலாளர் கல்விக்கூடத்தில் படிப்பு, விடுமுறை நாட்களில் வண்டு பிடிப்பது. 1843இல், பதினெட்டு வயதில், வண்டுகளைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை அச்சில் பார்த்தார். அடுத்த வருஷம் அதே ஊருக்கு வாத்தியாராக வந்த ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் பரிச்சயமானார். வாலஸுக்குப் பூச்சிப் பித்துப் பிடித்ததற்குப் பேட்ஸின் வண்டுப் பெட்டிகள்தான் காரணம். பிறகு பேட்ஸ் பர்ட்டன் ஊரில் ஒரு பீர் வடிசாலையில் கணக்கு எழுதும் குமாஸ்தாவானார்.

1847இல் வெளிவந்த ஓர் அமேஸான் யாத்திரைப் புஸ்தகம் இருவர் கைக்கும் கிடைத்தது. 1848 மே மாதம் இருவரும் பிரேஸிலில் பாரா துறைமுகத்தில் இறங்கினார்கள். பின்னால் அரசாங்கமில்லை, சர்வகலாசாலையில்லை, குடும்பச் சொத்துமில்லை. பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பதப்படுத்தி லண்டன் ஏஜெண்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் அவற்றை விற்றுப் பணம் அனுப்புவார். விஞ்ஞானம் வியாபாரத்தின் லாபத்தில் நடந்தது.

வாலஸ் 1852இல் திரும்பினார். வழியில் கப்பல் தீப்பிடித்து அவருடைய சேகரிப்பின் பெரும் பகுதி அழிந்தது. பேட்ஸ் பதினொரு வருஷம் இருந்தார். மேல் அமேஸானில் ஏகா என்ற சிற்றூரில் மட்டும் நாலரை வருஷம். ஒரு கட்டத்தில் பன்னிரண்டு மாதங்களுக்குக் கடிதமோ பணமோ வரவில்லை. துணி கிழிந்துவிட்டது, காலில் செருப்பில்லை, இருந்ததும் திருட்டுப் போயிற்று. படிக்க எதுவும் இல்லாததுதான் அவரை மிகவும் வாட்டியதாகத் தெரிகிறது. 1859இல் ஊர் திரும்பியபோது 14,000க்கு மேற்பட்ட ஜீவராசி இனங்களைச் சேகரித்திருந்தார். பெரும்பாலானவை பூச்சிகள். அவற்றில் சுமார் 8,000 விஞ்ஞானத்துக்குப் புதியவை. அதே வருஷக் கடைசியில் டார்வினின் புஸ்தகம் வெளிவந்தது.

பேட்ஸ் கண்டது இது. அமேஸான் காடுகளில் நீண்ட சிறகுகளும் கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் உண்டு. அவற்றை ஹெலிகோனிட்கள் என்றார் பேட்ஸ். அவை மெதுவாகப் பறக்கும், ஒளிந்துகொள்வதில்லை. பறவைகள் நிறைந்த காட்டில் இவ்வளவு பகட்டும் சோம்பலும் எப்படி உயிர் பிழைக்கின்றன? பறவையோ தும்பியோ அவற்றைத் துரத்துவதை அவர் பார்த்ததில்லை. பதப்படுத்திக் காயவைத்த பூச்சிகளைத் தின்ன வரும் சில்லுண்டிகள்கூட இவற்றை அதிகம் தொடவில்லை. ஆகவே இவற்றின் உடலில் ஏதோ கசப்பு இருக்க வேண்டும் என்று ஊகித்தார்.

இந்தக் கூட்டங்களின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறொரு பூச்சியும் பறந்தது. பறக்கும்போது அவராலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. வலையில் பிடித்துக் கால்களையும் சிறகு நரம்புகளையும் பார்த்தால், அது வேறு குடும்பம். நம் தோட்டங்களில் பறக்கும் வெள்ளைப் பூச்சிகளின் குடும்பம். வெள்ளையாக இருக்க வேண்டியது ஹெலிகோனிட்டின் உடுப்பில் திரிந்தது. மேலும், ஆற்றின் மேல் போகப்போக ஹெலிகோனிட்களின் நிறக்கோலம் ஊருக்கு ஊர் மாறுகிறது; கூடவே இதுவும் மாறுகிறது.

1861 நவம்பர் 21ஆம் தேதி லண்டன் லின்னியன் ஸொஸைட்டியில் பேட்ஸ் தன் விளக்கத்தைப் படித்தார். அடுத்த வருஷம் அது அச்சாயிற்று. விளக்கம் எளிமையானது. ஒரே தாயின் குஞ்சுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. கசப்பான பூச்சியின் சாயல் தற்செயலாகக் கொஞ்சம் வாய்த்ததைப் பறவை ஒரு கணம் தயங்கி விட்டுவிடுகிறது, வாய்க்காததைத் தின்றுவிடுகிறது. மிஞ்சியதன் குஞ்சுகளில் மறுபடி இதே தேர்வு. ஆயிரம் தலைமுறைகளில் சாயல் உருவமாகிவிடுகிறது. பூச்சி எதையும் 'நடிக்க'வில்லை. மிமிக்ரி என்றதும் மேடையில் நடிகர்களின் குரலில் பேசுகிறவர் நமக்கு ஞாபகம் வருவது தவறான திசை. இங்கே உருவத்தைச் செதுக்கியது பறவையின் பசியும் பறவையின் ஞாபகமும். போலியை எழுதியது அதன் வாசகன் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

டார்வின் அந்தக் கட்டுரையை மிகவும் கொண்டாடினார். தன் தத்துவம் கண்ணெதிரே நடப்பதற்கு அவருக்குக் கிடைத்த முதல் பெரிய சாட்சி அது. ஆனால் பேட்ஸுக்கு வேலை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் மியூஸியத்தின் விலங்கியல் பிரிவுக்கு மனுப் போட்டார். இடம் ஆர்தர் ஓஷானஸி என்ற இளைஞருக்குப் போயிற்று. 1863இல் அவருக்கு வயது பத்தொன்பது. மியூஸியத்துக்குள் ஏற்கெனவே சிபாரிசில் நுழைந்திருந்தவர், விலங்கியல் தெரியாது. அவர் ஒரு கவிஞர். கவிதைப் பத்திரிகை வாசகர்கள் இதை ஒருமுறை நிறுத்திப் படிக்கலாம். ஓஷானஸி பின்னால் பல்லி இனங்களில் மோசமில்லாத வேலை செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேட்ஸ் 1864 முதல் 1892இல் சாகும் வரை ராயல் ஜியக்ராஃபிகல் ஸொஸைட்டியின் உதவிக் காரியதரிசி. மறுபடியும் மேஜை, கடிதங்கள், கோப்புகள்.

2

பேட்ஸின் போலிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அது அசலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பணம் வாங்கும் கவுண்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. நல்ல நோட்டுகள் ஆயிரக்கணக்கில் புழங்குவதால்தான் கள்ள நோட்டு ஒன்று கை மாறுகிறது. கள்ள நோட்டு பெருகினால் அந்த மதிப்புள்ள நோட்டையே ஜனங்கள் வாங்கத் தயங்குவார்கள். நஷ்டம் நல்ல நோட்டுக்கும் சேர்த்துத்தான். பறவையின் அனுபவத்தில் ஆரஞ்சு நிறம் பத்துத் தடவையில் எட்டுத் தடவை இனித்தால், அடுத்து அது அசலையும் கொத்திப் பார்க்கும். அசலின் புகழ் போலிகளால் அரிக்கப்படுகிறது என்ற நம் புகாருக்கு இங்கே ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது பாதி ஆதாரம்தான்.

இதற்கு நம் கொல்லைப்புறத்திலேயே உதாரணம் உண்டு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் கறுப்புப் பூச்சி ஒன்று. ஆங்கிலப் பெயர் காமன் மார்மன். ஆண் ஒரே மாதிரி: கறுப்பு, பின்சிறகில் ஒரு வெள்ளை வரிசை. பெண்ணில் மூன்று விதம். ஒன்று ஆணைப் போல. மற்ற இரண்டும் வேறு இரு பூச்சிகளைப் போல. அந்த இரண்டும் கசப்பானவை. அவற்றில் ஒன்று, சிவந்த உடலும் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட கிரிம்ஸன் ரோஸ். அதன் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை. பூச்சியின் ரசாயனத்தை ஆராய்வதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம்மவர்கள் அந்தச் செடிக்கு வைத்த பெயரில் பாதி விஞ்ஞானம் இருக்கிறது. ஆடு தீண்டாததைப் புழு தின்று, அந்த விஷத்தை உடம்பில் சேமித்துக்கொண்டு பூச்சியாகிறது.

தனித்தனி இனங்களாகப் பெயரிடப்பட்டிருந்த இந்தப் பெண்கள் எல்லாம் ஒரே இனம் என்று 1865இல் காட்டியவர் வாலஸ், மலேயத் தீவுகளிலிருந்து திரும்பிய பிறகு. ஒரே தாய் வயிற்றில் மூன்று உடுப்புகள் எப்படி என்ற கேள்விக்கு 2014இல் பதில் வந்தது. க்ருஷ்ணமேக் குண்ட்டேயும் அவரோடு ஆராய்ந்தவர்களும் கண்டது ஒரே ஒரு மரபணு. ஆணா பெண்ணா என்ற உடல் வேற்றுமையில் வேலை செய்யும் அதே மரபணு சிறகின் கோலத்தையும் தீர்மானிக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் போலி பூரணமில்லை. சிறகில் சிவப்பு இருக்கிறது, உடம்பில் இல்லை, உடம்பு கறுப்புத்தான். பறவைக்கு அது போதும். அடையாளம் காண விரும்புகிற மனிதன் சிறகை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்க வேண்டும்.

3

பேட்ஸ் ஒரு புதிரை விட்டுப் போனார். கசப்பான பூச்சிகளே ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரண்டும் அசல், இரண்டிலும் விஷம். பிறகு ஏன் ஒரே உடுப்பு? ஊரின் தட்பவெப்பம் காரணமாக இருக்கலாம் என்ற மட்டில் பேட்ஸ் நிறுத்திக்கொண்டார்.

பதில் தந்தவர் ஃப்ரிட்ஸ் முல்லர். ஜெர்மானியர். மருத்துவப் படிப்பு முடிவில் கடவுள் பேரால் சத்தியம் செய்ய மறுத்துப் பட்டத்தை இழந்தவர். 1852இல் குடும்பத்தோடு பிரேஸிலுக்குப் போய்த் தெற்கே ப்ளூமனாவ் குடியேற்றத்தில் காடு வெட்டி விவசாயம் செய்தார். 1879இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் உள்ள கணக்கு, பிராணிகளின் வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட முதல் கணிதங்களில் ஒன்று. அதை அப்படியே தருகிறேன்.

பறவை பிறக்கும்போதே எது கசப்பு என்று தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. தின்று பார்த்துத்தான் கற்கிறது. ஒரு பிரதேசத்தின் பறவைகள் எல்லாம் ஒரு நிறத்தை ஒதுக்கக் கற்றுக்கொள்வதற்குள் 1,200 பூச்சிகள் சாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இனத்தில் 2,000 பூச்சிகள், இன்னொன்றில் 10,000. உடுப்பு வேறு வேறு என்றால் ஒவ்வொன்றும் 1,200 பலி கொடுக்க வேண்டும். ஒரே உடுப்பு என்றால் இரண்டும் சேர்ந்து 1,200 கொடுத்தால் போதும். சிறிய இனத்தின் பங்கு 200, பெரியதன் பங்கு 1,000. சிறியதற்கு மிச்சம் 1,000 உயிர், அதாவது அதன் ஜனத்தொகையில் பாதி. பெரியதற்கு மிச்சம் 200, நூற்றுக்கு இரண்டு. ஜனத்தொகை விகிதம் ஒன்றுக்கு ஐந்து. லாபத்தின் விகிதம் இருபத்தைந்துக்கு ஒன்று.

பேட்ஸின் போலி பிறர் கணக்கில் காசோலை எழுதுகிறது. முல்லரின் பூச்சிகள் கூட்டுக் கணக்கு வைத்திருக்கின்றன. எல்லோரும் போடுகிறார்கள், எல்லோரும் எடுக்கிறார்கள். முதலாவதில் கூட்டம் பெருகினால் கேடு. இரண்டாவதில் பெருகப்பெருக நன்மை. வெளியிலிருந்து சிறகைப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். சாயல் என்பது ஒரு தகவல் மாத்திரம், தீர்ப்பு அல்ல.

4

இதையெல்லாம் ஏற்காதவர்களும் இருந்தார்கள். 1932இல் அமெரிக்காவில் மக்கேட்டீ என்பவர் சுமார் 80,000 பறவைகளின் இரைப்பைகளைப் பரிசோதித்த பதிவுகளைத் தொகுத்து, எல்லா வேஷப் பூச்சிகளும் உள்ளே இருக்கின்றன, பாதுகாப்பு என்பது மனிதனின் கற்பனை என்று வாதாடினார். இரைப்பை, தின்றதைச் சொல்லும். பார்த்துவிட்டு விட்டுப் போனதைச் சொல்லாது. இது அப்போதே சுட்டிக்காட்டப்பட்டது.

ரோஜே கையுவா 1935இல் பாரிஸில் ஸர்ரியலிஸ்டுகளின் மினோத்தார் பத்திரிகையில் எழுதிய கட்டுரையும் இந்த எதிர்க்கட்சியைச் சேர்ந்ததுதான். அவருக்கு மிமிக்ரி தற்காப்பல்ல. ஒரு விபரீத ஆடம்பரம், சுற்றியுள்ள வெளிக்குள் கரைந்துபோக உயிருக்கு இருக்கும் ஆசை. இலையைப் போலவே இருக்கும் பூச்சிகள் ஒன்றையொன்று இலை என்று நினைத்துக் கடித்துக்கொள்வதை அவர் உதாரணம் காட்டுகிறார். விஞ்ஞானமாக இது நிற்கவில்லை. ஆனால் ஒரு சிறு வட்டத்தில் புழங்கும் எழுத்தாளர்களுக்கு அந்த உதாரணம் சட்டென்று புரிந்துவிடும்.

நபக்கோவ் இன்னொருவர். 1940களில் ஹார்வர்டு மியூஸியத்தில் நீல வண்ணத்துப்பூச்சிகளின் உறுப்புகளை உருப்பெருக்கியில் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். காய்ந்த இலை போன்ற சிறகில் புழு அரித்த ஓட்டை போன்ற கறைகூட இருக்கிறதே, இந்த நுணுக்கம் எந்தப் பறவைக்குத் தேவை என்பது அவர் கேள்வி. பிழைப்புக்கு அப்பாற்பட்ட கலை அது என்று நினைத்தார். நீலப் பூச்சிகள் ஆசியாவிலிருந்து அலை அலையாக அமெரிக்காவுக்கு வந்தன என்று 1945இல் அவர் செய்த ஊகம் 2011இல் மரபணு ஆராய்ச்சியில் சரியென்று நிரூபணமாயிற்று. மிமிக்ரி விஷயத்தில் அவர் பக்கம் யாருமில்லை. பறவையின் கண்ணை அவர் குறைவாக மதித்துவிட்டார் என்பதுதான் என் அபிப்பிராயம். நல்ல வாசகனுக்குப் பயந்துதான் வேலை நுணுக்கமாகிறது.

5

இனி வைஸ்ராய். வட அமெரிக்காவில் மானார்க் என்று ஓர் ஆரஞ்சுப் பூச்சி. அதன் புழு எருக்கின் உறவான பால்செடிகளைத் தின்று விஷம் சேர்க்கிறது. வில்லோ மரத்து இலை தின்று வளரும் வேறொரு பூச்சி அச்சாக அதைப் போலவே இருக்கும். அரசனின் பிரதிநிதி என்பதால் அதற்கு வைஸ்ராய் என்று பெயர். 1860களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 120 வருஷங்கள் உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் பேட்ஸ் சொன்ன போலிக்கு இதுதான் உதாரணம்: மானார்க் விஷம், வைஸ்ராய் வெறும் வேஷம். 1958இல் ஜேன் ப்ரவர் கூண்டுப் பறவைகளை வைத்துச் சோதித்தார். மானார்க்கை அனுபவித்த பறவை வைஸ்ராயைத் தொடவில்லை. உதாரணம் உறுதியாயிற்று.

1991இல் டேவிட் ரிட்லண்ட், லிங்கன் ப்ரவர் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். சிறகுகளைக் கத்தரித்து எறிந்துவிட்டு வயிற்றுப் பகுதியை மட்டும் பறவைகளுக்குக் கொடுத்தார்கள். உடுப்பில்லை, ருசி மட்டும். பறவைகள் வைஸ்ராயை மானார்க்குக்குச் சமமாகவே வெறுத்தன. வைஸ்ராய்க்குத் தன் சொந்தக் கசப்பு இருந்திருக்கிறது. அது பேட்ஸின் போலியல்ல, முல்லரின் கூட்டாளி.

இதே லிங்கன் ப்ரவர் 1960களில் செய்த இன்னொரு சோதனை அசலைப் பற்றியது. முட்டைக்கோஸ் தின்ன வைத்து வளர்த்த மானார்க்கைப் பறவைகள் சந்தோஷமாகத் தின்றன. காட்டிலும், விஷம் குறைந்த பால்செடியில் வளர்ந்த மானார்க்குகள் உண்டு. சிறகு அசல், உடம்பில் சரக்கில்லை. அவை தங்கள் இனத்தின் புகழிலேயே பிழைத்துக்கொள்கின்றன. அசலுக்குள்ளேயே போலி. தன் முதல் தொகுப்பின் நிறத்தை வைத்து நாலு தொகுப்பு எழுதிவிட்ட கவிஞர்களின் பெயரை நான் சொல்லப்போவதில்லை; வாசகர்கள் நிரப்பிக்கொள்வார்கள். ஒரு விமர்சகனின் விஷயத்திலும் இது நடக்கக்கூடியதே.

6

ஐந்தாறு வருஷங்களுக்கு முன், ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் அவரை வைஸ்ராய் என்று குறிப்பிட்டேன். யாருடைய வைஸ்ராய் என்பதையும் சொன்னேன். பழைய பாடப்புத்தகம் ஒன்றில் படித்த ஞாபகம். பொருத்தமாக வந்து விழுந்த உவமை. நண்பர்கள் ரசித்தார்கள். அந்த வார்த்தை கொஞ்ச காலம் எங்கள் வட்டத்தில் புழங்கியது. அவருடைய இரண்டாவது தொகுப்பு வரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று எண்ணிக்கொள்வது எனக்கு நானே தந்துகொள்ளும் கௌரவமாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் எழுதியபோதே உதாரணம் செத்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தது என்பது சென்ற வருஷம்தான் தெரிந்தது.

உவமை தப்பாய்ப் போனது சிறிய விஷயம். வேறு பூச்சியின் பெயரைப் போட்டுத் திருத்திவிடலாம். விஷயம் வேறு. நான் சிறகை மட்டும் பார்த்தேன். வரி மடங்கும் விதம், நிறுத்தாமல் ஓடும் வாக்கியம், சில வார்த்தைகள் — எல்லாம் மூத்த கவிஞருடையவை. அது உண்மை, இப்போதும் சொல்வேன். ஆனால் சிறகைக் கத்தரித்துவிட்டுப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாஷை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கசப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு செடியிலிருந்து வரலாம்.

தொகுப்பை மறுபடி படித்தேன். முப்பத்திரண்டு கவிதைகள். பெரும்பாலானவற்றில் சிறகு மட்டும்தான் இருக்கிறது; அந்த அளவில் மதிப்புரையை வாபஸ் வாங்கப்போவதில்லை. ஏழு கவிதைகள் அப்படியில்லை. அப்பாவின் கடன் பத்திரத்தைப் பற்றியது, தங்கையின் பிரசவ வார்டு, கிணற்றில் விழுந்த சைக்கிள், இன்னும் நான்கு. இவற்றில் உள்ளது அவர் தின்று வளர்ந்த இலை. மூத்த கவிஞருக்கு அந்தச் செடி தெரியாது. ஒரே உடுப்பில் இருவர் பறந்திருக்கலாம். அதனால் இருவருக்குமே வாசகனின் முதல் கொத்தலில் சேதம் குறைந்திருக்கும். முல்லரின் கணக்குப்படி அதில் அதிக லாபம் புதியவருக்கு. நான் அந்தக் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதை அவருக்குக் கடிதமாக எழுதினேன். தொகுப்பில் இருந்த விலாசத்துக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. அவர் இந்தப் பத்திரிகையை இன்னும் பார்க்கிறாரா என்று தெரியாது. பார்த்தால், ஏழு கவிதைகளின் பக்க எண்கள் என்னிடம் இருக்கின்றன.